மைமூன் மாமிக்குப் பொன்னாடை

1

இந்தக் கதை ஒரு முறைப்பாட்டுக் கடிதமாகத்தான் தொடங்கியது. 'கரையோசை வானொலி நிலையப் பொறுப்பாளர் அவர்கட்கு' என்று எழுதிக் கீழே கோடும் போட்டேன். மூன்றாவது வரியில் பேனை நின்றுவிட்டது.

அந்த நிலையத்துக்குப் போகும் கோபமான கடிதங்களுக்கு என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும். 'சனிக் கதம்பம்' நிகழ்ச்சியில் நேயர் மடல் என்று ஒரு பகுதி இருக்கிறது. அறிவிப்பாளர் மஜீட் அந்தக் கடிதத்தைக் கொஞ்சிக் கொஞ்சி வாசிப்பார். ஒவ்வொரு வரி முடிவிலும் வாத்து கத்தும் ஒலியைப் போடுவார்கள். சாய்ந்தமருதிலிருந்து காரைதீவு வரை எல்லா வீட்டிலும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

என் கோபத்துக்குப் பின்னால் வாத்து கத்துவதை நான் விரும்பவில்லை. ஆகவே இது கதை. கதைக்குப் பின்னணி ஒலி போட நிலையத்தால் முடியாது.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: 'சாய்ந்தமருதுக் கடற்கரையில் அதிகாலைச் சூரியன் தங்கத் தாம்பாளம் போல—'

வெட்டிவிட்டேன். நான் அதிகாலையில் கடற்கரைக்குப் போவதில்லை. போகிறவர்கள் சூரியனைப் பார்ப்பதுமில்லை. தோணியில் என்ன வந்திருக்கிறது என்றுதான் பார்ப்பார்கள்.

இரண்டாவது தொடக்கம்: 'றிபா கூச்ச சுபாவம் உள்ளவள். தரம் பத்தோடு படிப்பை நிறுத்திய அந்தப் பேதைப் பெண்—'

இதையும் வெட்டினேன். பேதை என்ற சொல்லை எழுதிய கையை அடிக்க வேண்டும்.

(குறிப்பு: படிப்பை ஏன் நிறுத்தினாள் என்று கேட்பீர்கள். உம்மாவுக்குச் சத்திரசிகிச்சை நடந்தபோது நீண்ட நாள் வீட்டில் நின்றேன். திரும்பிப் போன அன்று, வராத காரணத்தை முழு வகுப்புக்கும் எழும்பிச் சொல் என்றார் ஆசிரியை. நின்றேன். வாய் திறக்கவில்லை. பிள்ளைகள் சிரிக்கத் தொடங்கினார்கள். அடுத்த நாள் போகவில்லை, அதற்கடுத்த நாளும் போகவில்லை. அவ்வளவுதான். இதில் யாரும் அழ வேண்டிய இடம் இல்லை.)

மேலே 'றிபா', குறிப்பில் 'நான்'. இரண்டு பேராக இருக்கப் பார்த்தேன், முடியவில்லை. றிபா நான்தான். உண்மைப் பெயர்.

மூன்றாவது தொடக்கம்: 'போன வெள்ளிக்கிழமை பேஸ்புக்கில் ஒரு விளம்பரம் வந்தது.'

இது இருக்கட்டும். இதில் தாம்பாளம் எதுவும் இல்லை.

'சனிக் கதம்பம்' வெள்ளிவிழா விளம்பரம் அது. இருபத்தைந்து வருடம் ஓடிய நிகழ்ச்சி. கல்முனையில் மண்டபம், அடுத்த வாரச் சனிக்கிழமை காலை, நேரடி ஒலிபரப்பு. நடுவில் ஒரு வட்டத்துக்குள் என் மாமாவின் மகன் ஸஜாத் மச்சான். யாருடையதோ கோட் போட்டு, நாடியை விரலால் தாங்கி, எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். கீழே எழுதியிருந்தது: 'நேயர்களின் உள்ளம் கவர்ந்த மைமூன் மாமியின் பிரதி ஆசிரியர் சாய்ந்தமருது ஸஜாத் அவர்களுக்குப் பொன்னாடை போர்த்தி, நகைச்சுவைச் சுடர் பட்டம் வழங்கிக் கௌரவிக்கப்படும்.'

மைமூன் மாமியை எழுதுவது நான்.

3

மாமியைத் தெரியாத வாசகர்களுக்காக: சனிக் கதம்பத்தில் பாட்டு, பொது அறிவு, சமையல், மரண அறிவித்தல் எல்லாம் போன பிறகு ஐந்து நிமிடம் அவள் வருவாள். வயது அறுபது. எதற்கும் வாய் மூடமாட்டாள். மின்சார சபைக்குப் போவாள், ஆஸ்பத்திரிக்குப் போவாள், கலியாண வீட்டில் எல்லோரோடும் ஒரே சகன் தட்டைச் சுற்றி இருந்துகொண்டே சோற்றில் குறை சொல்வாள். பெண் குரலுக்கு ஆள் கிடைக்காததால் மஜீட்தான் தொண்டையை இறுக்கிக்கொண்டு அவளாகப் பேசுவார்.

மீன்காரர்: மாமி, பாரை மீன் பாருங்க, இண்டைக்குக் காலைல பிடிச்ச.
மாமி: ஓம், கண்ணப் பாத்தாத் தெரியிது. எந்த மாசத்துக் காலைல?

இதைக் கேட்டு எங்கள் தெரு மீன்காரரே சைக்கிளை நிறுத்திச் சிரித்தார். கதவுக்குப் பின்னால் நின்று அவரிடம் நான் கேட்க நினைத்து, கேட்காமல் விட்ட கேள்வி அது. மாமியின் வாயில் உள்ள எல்லாமே அப்படித்தான். நான் விழுங்கியதை அவள் துப்புகிறாள்.

முதல் பிரதியை, அதாவது அவள் பேசும் வசனங்களை, நிலையத்துக்கு அனுப்ப நினைத்தபோது உம்மா ஒரு சட்டம் போட்டார். வெளி ஆம்பிளை ஒருவரின் போனுக்கு என் நம்பர் போகக் கூடாது. எங்கள் பக்கத்தில் இது புதிதில்லை. உறவுக்குள் ஒரு பொடியனின் நம்பர் எல்லாப் பெண்களுக்கும் வாசல் மாதிரி இருக்கும்; பாடநெறிக்கு விண்ணப்பிப்பதும் அதில், வைத்தியருக்கு இலக்கம் எடுப்பதும் அதில். எங்கள் குடும்பத்துக்கு ஸஜாத் மச்சானின் நம்பர். அவருக்குப் போன் திருத்தும் கடை இருக்கிறது. நான் கொப்பியில் எழுதியதை அவர் படம் எடுத்து நிலையத்துக்கு வட்ஸ்அப்பில் போடுவார்.

'பிரதி, சாய்ந்தமருதிலிருந்து ஒரு நேயர்' என்று மஜீட் சொல்வார். எனக்கு அதுவே போதுமாக இருந்தது. நம்ப மாட்டீர்கள். 'ஒரு நேயர்' என்பதற்குள் நான் கால் நீட்டி வசதியாக இருந்தேன். பெயர் வராததற்காக நான் ஒரு நாளும் கோபப்பட்டதில்லை. நான் இருந்த இடத்தில் இன்னொருவரைக் கோட் போட்டு உட்கார வைத்தபோதுதான், அது ஓர் இடம் என்பதே எனக்குத் தெரிந்தது.

4

உம்மா இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தார். போனை நீட்டினேன்.

"மாஷா அல்லாஹ், கோட்டுல வடிவா இரிக்கான்" என்றார்.

"கீழ வாசிங்கும்மா."

வாசித்தார். இடியப்ப உரலை மறுபடி எடுத்தார்.

"அவன் என்ன செய்யிற? நம்பர் அவன்ட. அவங்க அவனத்தானே கூப்பிடுவாங்க."

"எழுதின ஆள் நான் இல்லெண்டு அவருக்குச் சொல்லேலாதா?"

"சொன்னா, அப்ப யாரெண்டு கேப்பாங்க. பேரு கேப்பாங்க. போட்டோ கேப்பாங்க. மேடைக்கு வா எண்டுவாங்க. நீ போவியா? வகுப்புக்குள்ள ஒரு வார்த்த கதைக்க ஏலாம வந்தவள் நீ. அவன் உன்னக் காப்பாத்தியிரிக்கான், அத யோசி."

நான் யோசித்துக்கொண்டு நின்றேன். உம்மா குரலைத் தணித்தார்.

"இப்ப என்ன குறைஞ்சி போச்சி? நாளைக்கு நிக்காஹ் முடிஞ்சா உன்ட பேரு வேற, அவன்ட பேரு வேறயா?"

[மைமூன் மாமி: அப்ப இவள்ட பேர அவன் வெச்சிக்கட்டும், அவன்ட தாடிய இவள் வெச்சிக்கட்டும். சரியா றுகையா?]

மாமி இப்படித்தான் அழைக்காமலே வருவாள். றுகையா என்பது உம்மாவின் பெயர். அந்த நிக்காஹ் பற்றி என்னிடம் இதுவரை யாரும் எதுவும் கேட்கவில்லை என்பதையும் இந்த இடத்தில் எழுதி வைக்கிறேன். உம்மாவும் மாமாவும் பேசியது. அதற்கும் நான் 'ஒரு நேயர்'.

5

அடுத்த நாள் சனிக் கதம்பத்தில் மச்சானைத் தொலைபேசியில் பேட்டி கண்டார்கள். நினைவிலிருந்து எழுதுகிறேன். ஒரு சொல்லும் கூட்டவில்லை, கூட்டத் தேவையில்லை.

"நேயர்களே, இத்தனை காலமும் முகம் காட்டாமல் இருந்த கலைஞன் இதோ இணைப்பில். ஸஜாத், ஓர் ஆண்மகன் பெண்ணின் மனசை இவ்வளவு நுணுக்கமாக எழுதுவது எப்படி? எங்களுக்கு இது பெரிய புதிர்."

"அது வந்து, மஜீட் நானா... நான் பொம்புளையள் கதைக்கிறதக் கவனமாக் கேக்கிற."

"ஆஹா! கேட்டீர்களா நேயர்களே? கவனமாகக் கேட்கிறாராம்!"

பாட்டு போட்டார்கள்.

நான் எழும்பிப் போய்க் கிணற்றடியில் நின்றேன். கழுவுவதற்கு எதுவும் இல்லை. கழுவிய பானையையே மறுபடி கழுவினேன். ஒரு பெண் எழுதியது நன்றாக இருந்தால் ஓர் ஆண் பெண்களைக் கவனித்திருக்கிறான் என்று அர்த்தமாம். அந்தப் பெண்ணே எழுதியிருக்கலாம் என்பது ஒருவர் மண்டையிலும் தட்டுப்படவில்லை. நிலையத்தில் ஒருவருக்கும் தட்டுப்படவில்லை. பேட்டிக்குப் பிறகு வாழ்த்துச் சொல்லி அழைத்த பெண்கள் ஒருவருக்கும் தட்டுப்படவில்லை. "தம்பி, எங்கட வீட்டுக்குள்ள ஒளிச்சி நிண்டு பாத்த மாதிரி எழுதியிரிக்கீங்க" என்றார் மருதமுனையிலிருந்து ஓர் அக்கா. ஓம் ராத்தா. வீட்டுக்குள்தான் நிற்கிறேன். ஒளித்து வைத்ததால் நிற்கிறேன்.

(இந்தப் பந்தியில் குரல் உயர்ந்துவிட்டது. தணித்து எழுதலாமா என்று பார்த்தேன். வேண்டாம், இருக்கட்டும்.)

6

ஸஜாத் மச்சான் இந்தக் கதையில் யார்?

'அவரது கண்களில் பேராசை மின்னியது—' என்று ஒரு வரி எழுதினேன். பொய். அவர் கண்களில் போன் திருத்திய களைப்பைத் தவிர வேறொன்றும் மின்னியதில்லை. 'சூழ்ச்சிக்காரன்' என்று எழுதினேன். அதுவும் நிற்கவில்லை. உம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒவ்வொரு நாளும் சாப்பாடு கொண்டுபோனவர் அவர். எனக்குக் கொப்பி தீர்ந்தால் சொல்லாமலே வாங்கி வருவார். என் பக்கங்களைப் படம் எடுப்பார், அனுப்புவார், கொப்பியை மூடித் தருவார். ஒரு நாளும் வாசித்ததில்லை. சனிக்கிழமை றேடியோவில் கேட்டுத்தான் மற்ற எல்லோரையும் போல அவரும் சிரிப்பார்.

கெட்டவராக இருந்தால் எனக்கு எவ்வளவு உதவியாக இருந்திருக்கும்! கதை ஒரே இழுவையில் போயிருக்கும். நல்லவர் செய்த காரியம் என்பதால் எல்லோரும் என்னைத்தான் ஆறச் சொல்கிறார்கள். உனக்காகத்தானே செய்தான் என்கிறார்கள். எனக்காகச் செய்ததை என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுச் செய்திருக்கலாம். நடுவில் இருந்தது ஒரு கதவுத் திரைதான்.

7

புதன்கிழமை மாலை அஸர் தொழுகை முடிந்து மச்சான் வந்தார். அவர் விறாந்தையில் கதிரையில் இருப்பார், நான் திரைக்குப் பின்னால் நிற்பேன், அவருக்கு மாமி முறையான உம்மா வாசற்படியில் இருப்பார். எங்கள் வீட்டில் பேச்சு அப்படித்தான் போய் வரும்.

"மாமி, மேடைல ஏற்புரை எண்டு ஒண்டு சொல்லணுமாம். ரெண்டு நிமிசம். றிபாவ எழுதித் தரச் சொல்லுங்களன்."

எனக்குக் காது சரியாகத்தான் கேட்டது. இருந்தாலும் உம்மா திரும்பச் சொன்னார்.

"ஏற்புரையாம் புள்ள. எழுதிக் குடு."

"நேரடியாப் போகும் மாமி, பிழைச்சா மானம் போயிரும். கண்ணுல தண்ணி வாற மாதிரி ஓர் இடமும் வெக்கச் சொல்லுங்க. சனம் அழுதாத்தான் விழா வெற்றியாம், மஜீட் நானா சொன்னாரு."

"நன்றி யார் யாருக்குச் சொல்லணும்?" இதை உம்மா தானாகக் கேட்டார்.

"நிலையத்துக்கு. மஜீட் நானாவுக்கு. எங்கட உம்மா வாப்பாவுக்கு. பிறகு..."

நான் திரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"பிறகு நேயர்களுக்கு" என்றார் மச்சான். "அவ்வளவுதான். சுருக்கமா இரிக்கட்டும்."

[மைமூன் மாமி: செத்த மையத்தக் குளிப்பாட்டிப்போட்டு அத மூடுற கபன் துணிய அதுக்கிட்டயே கேக்கிற சாதி இது.]

அவர் போன பிறகு அந்த உரையை நான் எழுதினேன். ஓம், எழுதினேன். கோபம் ஒரு பக்கம், எழுதச் சொன்னால் கை நிற்காது என்பது இன்னொரு பக்கம். நன்றாகவும் வந்தது. அழும் இடம் உண்மையிலேயே அழ வைக்கும். அவர் குரலில், அவர் மூச்சு நிற்கும் இடங்களில் நிறுத்தி, அவரைவிட அவராக எழுதியிருந்தேன். முடித்துவிட்டு ஒரு முறை வாசித்தேன். கிழித்து அடுப்பில் போட்டேன். அதன் ஒரு வரியையும் இங்கே தரப்போவதில்லை.

8

கதைக்கு முடிவுகள் தேவை. மூன்று வைத்திருந்தேன்.

ஒன்று: உரையின் கடைசி வரியில் 'இவை எல்லாவற்றையும் எழுதியவர் என் மாமி மகள் றிபா' என்று சேர்த்துவிடுவது. மச்சான் முன்கூட்டி வாசிக்காதவர். மேடையில் அப்படியே வாசித்துவிடுவார். இதை எழுதும்போது கொஞ்ச நேரம் சந்தோசமாக இருந்தேன். பிறகு மண்டபத்தை யோசித்தேன்.  உடனே மஜீட் ஒலிவாங்கியைப் பிடுங்குவார். "பார்த்தீர்களா நேயர்களே, எவ்வளவு பெருந்தன்மை! தன் புகழைக் குடும்பத்துப் பெண் பிள்ளைக்குக் கொடுக்கிறார்!" கைதட்டல் இரண்டு மடங்காகும். இன்னொரு பொன்னாடையும் கொண்டுவருவார்கள், அவருக்கு.

இரண்டாவது: நான் மண்டபத்துக்குப் போய்ப் பெண்கள் பகுதியில் எழும்பி நின்று சொல்வது. எழுதவே முடியவில்லை. 'றிபா எழுந்தாள்' என்ற இரண்டு சொல்லுக்கு மேல் பேனை போகவில்லை. என்னை எனக்குத் தெரியும். தவிர, அந்த மண்டபத்தில் பெண்கள் பகுதிக்கு ஒலிவாங்கி வைப்பதுமில்லை.

மூன்றாவது முடிவில் மச்சான் மனம் மாறுகிறார். விழாவுக்கு முதல் நாள் திரைக்கு முன்னால் வந்து நின்று, "றிபா, இது பிழை" என்கிறார். வாசிக்கிறவர்களுக்கு இதுதான் பிடிக்கும். எல்லோருக்கும் ஆறுதல். ஒரு நல்ல மனிதர் இன்னும் கொஞ்சம் நல்லவராகிவிட்டால் நான் நன்றி சொல்லிவிட்டுக் குசினி அடுப்படிக்குப் போய்விடலாம்.

எனக்கு ஆறுதல் வேண்டாம். மூன்றையும் வெட்டினேன்.

9

நடந்தது இது.

சனிக்கிழமை காலை எட்டு மணிபோல் மச்சான் வந்தார். வெளியில் முச்சக்கரவண்டி நின்றது. விளம்பரத்தில் இருந்த அதே கோட், தோளில் பெரிசு. அத்தர் வாசனை திரை தாண்டி வந்தது.

"மாமி, ஏற்புரைத் தாளத் தாங்க, நேரமாச்சி."

உம்மா என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

"குடு புள்ள."

"எழுதல்ல" என்றேன்.

உம்மாவிடம் சொல்லவில்லை. திரையைப் பார்த்துச் சொன்னேன். என் குரல் விறாந்தைக்கு நேராகப் போனது எனக்கே கேட்டது.

"பகிடி விடாத றிபா" என்றார் மச்சான், சிரித்துக்கொண்டு. "வண்டி நிக்கிது."

"எழுதல்ல மச்சான்."

சிரிப்பு நின்றது.

"அல்லாவே! அப்ப நான் அங்க போய் என்னத்தச் சொல்லுற? நேரடி ஒலிபரப்பு! கிழக்கு மாகாணமே கேக்கும்!"

இந்த இடத்தில் எனக்கு ஓர் அருமையான வசனம் இருக்கிறது: 'பெண்கள் கதைப்பதைக் கவனமாகக் கேட்பவராயிற்றே, இதையும் கேளுங்கள்.' மாமியாக இருந்தால் சொல்லியிருப்பாள். நான் சொல்லவில்லை. முச்சக்கரவண்டி தெருமுனை திரும்பிய பிறகுதான் அது தோன்றியது. கதையில் புகுத்திவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது? புகுத்தமாட்டேன். திரையைக் கெட்டியாகப் பிடித்திருந்தேன், நான் சொன்னது இவ்வளவுதான்:

"நீங்கதானே எழுதின ஆள். கதைங்க."

உம்மா நெஞ்சில் கை வைத்தார். "யா றப்பே! என்ன வாய் இது! எங்கிருந்து வந்த வாய்?"

 திரைக்குக் கீழே மச்சானின் மினுக்கிய சப்பாத்து தெரிந்தது. "இது சரியில்ல மாமி" என்றார். என்னிடம் சொல்லவில்லை. பிறகு போய்விட்டார்.

10

உம்மா என்னோடு பேசவில்லை. ஆனால் றேடியோவைப் போட்டார்.

குர்ஆன் கிறாஅத் ஓதினார்கள். பிரமுகர்களின் பெயர்களை வாசித்தார்கள். பிரமுகர்கள் பேசினார்கள். இருபத்தைந்து வருடத்தில் நிலையத்துக்கு உழைத்த ஆண்கள் ஒவ்வொருவராக மேடையேறினார்கள். ஒரு கட்டத்தில் மஜீட் தொண்டையை இறுக்கி, மாமியின் குரலில் என் பழைய வசனங்கள் சிலவற்றைச் சொன்னார். மண்டபம் அதிர்ந்தது. உம்மாவுக்கும் உதடு பிரிந்தது. நான் பார்த்ததும் மூடிக்கொண்டார்.

"இதோ, நகைச்சுவைச் சுடர், சாய்ந்தமருது ஸஜாத்!"

பொன்னாடை போர்த்தினார்கள். போர்த்துவதற்கு ஒலி கிடையாது, கைதட்டலை வைத்துத்தான் தெரிந்தது. பிறகு ஏற்புரை என்றார்கள். சப்பாத்துச் சத்தம். யாரோ ஒலிவாங்கியைத் தட்டினார்கள்.

"அஸ்ஸலாமு அலைக்கும்" என்றார் மச்சான்.

மண்டபம் பதில் சொன்னது.

பிறகு ஒன்றும் இல்லை.

வானொலிக்காரர்களுக்கு மௌனம் என்றால் உயிர் போகும். பேச்சு நின்ற உடனே மஜீட் பாட்டைப் போட்டுவிடுவார், இல்லாவிட்டால் தானே இருமியாவது நிரப்புவார். இம்முறை அவர் நிரப்பவில்லை. கலைஞன் கண்ணீரை அடக்குகிறான் என்று நினைத்திருக்க வேண்டும். மின்விசிறி சுற்றும் சத்தம் வந்தது. பெண்கள் பகுதியில் ஒரு குழந்தை சிணுங்கியது. அம்பாறைக் கரை முழுக்க அந்த மௌனம் போய்க்கொண்டிருந்தது.

"கரண்ட் போச்சா?" உம்மா றேடியோவில் கை வைத்தார்.

"இல்லம்மா. விடுங்க."

கையை எடுத்தார். என் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்தார்.

மச்சான் மூச்சை இழுப்பது கேட்டது. வாய் திறந்தது கேட்டது.

11

என்ன சொன்னார் என்று கேட்காதீர்கள்.

கேட்டவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களிடம் விசாரியுங்கள். இல்லாவிட்டால் வெட்டிய மூன்று முடிவுகளில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்களாக இன்னொன்று எழுதினாலும் எனக்கு ஆட்சேபனை இல்லை. எழுதினால் உங்கள் பெயரைக் கட்டாயம் போடுங்கள். நான் எழுதமாட்டேன். அவர் என் பெயரைச் சொன்னாரா இல்லையா, அழுதாரா ஓடினாரா, எதையும் இந்தப் பக்கத்தில் வைக்கமாட்டேன். திறந்திருக்கும் அந்த வாய்க்குள் நான் இப்போது ஒரே ஒரு வரி வைத்தாலும் போதும், அவருக்கு ஏற்புரை எழுதிக் கொடுத்தவளாகிவிடுவேன்.